வாக்கியப் பயிற்சி ஒலிப்பாடத்தை வாங்குவதற்கு முன்: ஜப்பானிய மொழி கற்கத் தொடங்குவோருக்கு ஒரு வழிகாட்டி

ஆங்கிலத்தில் ஒரு வாக்கியம் ஒலிக்கிறது. சிறிது இடைவெளி விட்டு, அதே வாக்கியம் ஜப்பானிய மொழியில் ஒருமுறையோ இருமுறையோ ஒலிக்கிறது. அந்த இடைவெளிக்குள் விடையைத் தாமே வாய்விட்டுச் சொல்லிப் பார்ப்பது கற்பவரின் வேலை. இப்படிப்பட்ட வாக்கியங்களை நூற்றுக்கணக்கிலோ ஆயிரக்கணக்கிலோ அடுக்கி, எந்த வாக்கியம் எந்த நாளில் திரும்ப வரவேண்டும் என்று வரிசைப்படுத்தி விற்பதே வாக்கியப் பயிற்சி ஒலிப்பாடம். ஒருவரின் ஒரு மாத வீட்டுச் செலவில் கணிசமான பகுதியை விழுங்கும் விலையுள்ள பாடங்களும் இவற்றில் உண்டு. 2021 ஜனவரியில் இந்தியாவும் ஜப்பானும் திறன் பணியாளர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்ட பிறகு, முதியோர் பராமரிப்புக்கும் தொழிற்சாலை வேலைக்கும் ஜப்பான் செல்ல எண்ணும் இளைஞர்கள் இவற்றின் விளம்பரங்களைப் பார்த்துப் பணம் கட்டுகிறார்கள். கட்டும் பணம் வீணாகாமலிருக்க, வாங்குவதற்கு முன்பே செய்துவிடக்கூடிய சோதனைகளை இங்கே வரிசையாகச் சொல்கிறேன். ஜப்பானிய மொழியை எடுத்துக்காட்டாக வைத்துக்கொண்டாலும், ஜெர்மானியமோ கொரியமோ கற்க நினைப்பவர்களுக்கும் இவற்றில் பெரும்பாலானவை பொருந்தும்.

இந்த முறை எங்கிருந்து வந்தது என்பதைச் சுருக்கமாக அறிந்துகொள்வது நல்லது, ஏனென்றால் அதன் பலமும் குறையும் அதன் பிறப்பிலேயே இருக்கின்றன. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் அமெரிக்கப் படையினருக்கு வேற்றுமொழிகளை விரைவாகக் கற்பிக்க வேண்டியிருந்தது. வாக்கியங்களைக் கேட்டுத் திருப்பிச் சொல்லும் பயிற்சி அப்போது பெரிய அளவில் கையாளப்பட்டு, 1950களிலும் 60களிலும் பள்ளிகளுக்கும் கல்லூரிகளுக்கும் பரவியது. மொழி என்பது பழக்கத்தால் உண்டாவது என்ற கருத்து அதற்கு அடித்தளம். 1959இல் அமெரிக்க மொழியியலாளர் நோம் சாம்ஸ்கி அந்தக் கருத்தைக் கடுமையாக விமர்சித்தார். இதுவரை கேட்டிராத வாக்கியத்தையும் மனிதன் உருவாக்குகிறான் என்பதைப் பழக்கத்தால் மட்டும் விளக்க முடியாது என்பது அவர் வாதத்தின் சாரம். 1967இல் மொழி கற்றலை ஆராய்ந்த அமெரிக்க அறிஞர் பால் பிம்ஸ்லர் மற்றொரு கூறைச் சேர்த்தார். புதிதாகக் கற்ற ஒன்றை 5 வினாடி, 25 வினாடி, 2 நிமிடம், 10 நிமிடம் என்று இடைவெளியை நீட்டிக்கொண்டே நினைவுபடுத்தினால் அது மறக்காமல் நிலைக்கும் என்று அவர் எழுதினார். அவர் பெயரில் விற்கப்படும் பாடங்கள் அந்த எண்ணத்தின் மேல் கட்டப்பட்டவை. தைவானைத் தளமாகக் கொண்ட குளோசிகா என்ற நிறுவனம், மொழிக்கு மூன்று தொகுதிகள், தொகுதிக்கு 1,000 வாக்கியங்கள் என்று முன்பு நூலும் ஒலிக்கோப்புமாக விற்று, பின்னர் இணையச் சந்தா முறைக்கு மாறியது. ஆக, எந்தப் பெயரில் வந்தாலும் திருப்பிச் சொல்லுதல், இடைவெளி விட்டு நினைவுகூர்தல் என்னும் இரண்டு கூறுகள்தான் இவற்றின் உயிர். சாம்ஸ்கி சுட்டிய குறையும் அன்றுபோலவே இன்றும் உண்டு.

எதற்காகக் கற்கிறோம்

பாடத்தை ஆராய்வதற்கு முன் நம் தேவையை ஒரு வரியில் எழுதிக்கொள்ள வேண்டும். ஆண்டுக்கு இருமுறை, ஜூலையிலும் டிசம்பரிலும் நடைபெறும் ஜே.எல்.பி.டி. என்னும் ஜப்பானிய மொழித்திறன் தேர்வில் தேறுவதுதான் தேவை என்றால், அந்தத் தேர்வில் பேச்சுப் பகுதியே இல்லை என்பதை முதலில் நினைவில் கொள்ள வேண்டும். எழுத்து, சொல், இலக்கணம், வாசிப்பு, கேட்டல் ஆகியவையே அதில் சோதிக்கப்படுகின்றன. ஒலியை மட்டும் நம்பும் பயிற்சி, கேட்டல் பகுதிக்கு உதவுமேயன்றி, கஞ்சி எனப்படும் சீன வழி வந்த எழுத்துகள் நிறைந்த வாசிப்புப் பகுதியில் கைகொடுக்காது. ஜப்பானியர் அன்றாட வாசிப்புக்கு அடிப்படையாகக் கொள்ளும் கஞ்சிப் பட்டியலில் 2,136 எழுத்துகள் இருக்கின்றன. அவற்றில் ஒன்றைக்கூடக் காதால் மட்டும் கற்க முடியாது. திறன் பணியாளர்களுக்கான ஜே.எஃப்.டி.-பேசிக் தேர்விலும் பேச்சுப் பகுதி கிடையாது. எனவே தேர்வு மட்டுமே குறியாக உள்ளவர் இந்தப் பாடத்துக்குச் செலவிடுவதைத் தள்ளிப்போடலாம் என்பது என் கருத்து.

மாறாக, வாசிக்கத் தெரிந்தும் வாய் திறக்க முடியாமல் தவிப்பவர், பணியிடத்தில் மேலாளரிடம் இரண்டு வாக்கியம் பேச வேண்டியவர், தேர்வில் தேறி விமானம் ஏறக் காத்திருப்பவர் ஆகியோருக்கு இது மெய்யாகவே பயன்படும். இலக்கணத்தை அறிவதற்கும் அது நாவில் வருவதற்கும் இடையே உள்ள தூரத்தைக் கடக்க உதவுவதே இந்தப் பயிற்சியின் இயல்பான வேலை.

விலையை மணிக்கணக்கில் வகுத்துப் பார்த்தல்

“3,000 வாக்கியங்களில் சரளமான பேச்சு” என்ற பாணியில் விளம்பரம் இருந்தால், அந்த எண்ணை நேரமாக மாற்றிப் பார்க்க வேண்டும். ஒரு வாக்கியத்தின் கேள்வி, இடைவெளி, விடை எல்லாம் சேர்த்து 15 வினாடி என்றும், ஒவ்வொரு வாக்கியமும் பத்து முறை வரும் என்றும் கொண்டால், 3,000 வாக்கியங்களுக்கு ஏறத்தாழ 125 மணி நேரம் ஆகும். அமெரிக்க அரசின் தூதரகப் பணியாளர்களுக்கு மொழி கற்பிக்கும் அயலகச் சேவை நிறுவனம், ஆங்கிலம் பேசுவோர் ஜப்பானிய மொழியில் பணிக்குப் போதிய திறன் பெற 88 வாரங்கள், அதாவது 2,200 வகுப்பு மணி நேரம் ஆகும் என்று கணக்கிட்டிருக்கிறது. இந்த 125 மணி நேரம் அதில் இருபதில் ஒரு பங்கைச் சற்றே தாண்டும். பயிற்சி தரமானதாக இருந்தாலும் அது பயணத்தின் ஒரு பகுதியே என்பது இந்த எளிய கணக்கிலேயே தெரிந்துவிடும்.

சந்தா முறையில் இதே கணக்கு வேறு வகையில் உதவும். நாளொன்றுக்கு அரை மணி நேரம் ஒதுக்க முடிந்தால் 125 மணி நேரத்துக்கு 250 நாள் ஆகும். எனவே ஒரு மாதக் கட்டணத்தைப் பார்த்து “இவ்வளவுதானே” என்று எண்ணாமல், ஒன்பது மாதக் கட்டணத்தைக் கூட்டி, வெளிநாட்டு நாணயப் பரிமாற்றத்துக்கு வங்கி பிடிக்கும் தொகையையும் சேர்த்து, அந்த மொத்தத்தையே விலையாகக் கருத வேண்டும். சந்தாவை நிறுத்திய மறுநாள் நம் கையில் என்ன மிஞ்சும் என்பதையும் கேட்டுக்கொள்ள வேண்டும். ஒலிக்கோப்புகளைப் பதிவிறக்கி வைத்துக்கொள்ள இயலும் பாடத்தையும், பணம் நின்றதும் எல்லாம் மூடப்படும் பாடத்தையும் ஒரே தட்டில் வைத்து விலை ஒப்பிடுவது சரியன்று.

வாக்கியங்களைச் சோதித்தல்

நான் மிகவும் முக்கியமாகக் கருதுவது இந்தப் படியைத்தான். மாதிரிப் பாடம் எதுவாயினும் தொடக்கம் மெருகேற்றப்பட்டிருக்கும். ஆகவே இயன்றவரை நடுப்பகுதியிலிருந்து இருபது வாக்கியங்களை எடுத்துக்கொள்ள வேண்டும். ஒரே ஆங்கில வாக்கியத் தொகுப்பைப் பல மொழிகளுக்கு மொழிபெயர்த்து விற்கும் வழக்கம் இந்தத் துறையில் உண்டு. அப்படிப் பிறந்த வாக்கியங்கள் இலக்கணப்படி சரியாக இருந்தாலும், ஜப்பானியர் பேசும் பேச்சாக இருக்கமாட்டா. ஜப்பானிய மொழி அறியாத புதியவரும் இதைக் கண்டுபிடிக்கச் சில அடையாளங்கள் இருக்கின்றன.

முதல் அடையாளம் பிரதிப்பெயர்கள். ஜப்பானியப் பேச்சில் யாரைப் பற்றிய பேச்சு என்பது தெரிந்திருக்கும்போது எழுவாயைச் சொல்வதில்லை. எதிரில் இருப்பவரை “அனதா” (நீங்கள்) என்று சுட்டுவதைத் தவிர்த்து, பெயருடன் “சான்” சேர்த்து அழைப்பதே மரியாதை. இருபது வாக்கியங்களிலும் வரிக்கு வரி “வதஷி வ” (நான்), “அனதா வ” (நீங்கள்), “கரெ வ” (அவர்) என்று வந்துகொண்டே இருந்தால், அவை ஆங்கிலத்திலிருந்து சொல்லுக்குச் சொல் மாற்றப்பட்டவை என்று ஐயுறலாம். ஓரிரு இடங்களில் வருவது இயல்பே. எண்ணிக்கை மிகுந்தால்தான் கவலைப்பட வேண்டும்.

இரண்டாவது அடையாளம் உறவுச் சொற்கள். தம் தாயைப் பற்றிப் பிறரிடம் பேசுகையில் “ஹஹ” என்றும், பிறருடைய தாயைக் குறிக்கையில் “ஒகாசன்” என்றும் ஜப்பானியர் வேறுபடுத்துவார்கள். “என் தாய்”, “உங்கள் தாய்” என்று வரும் இரண்டு வாக்கியங்களைத் தேடி எடுத்து, இரண்டிலும் ஒரே சொல் இருக்கிறதா என்று பார்த்தால் பாடத்தைத் தயாரித்தவர்களின் அக்கறை விளங்கிவிடும். கொடுத்தல் வினையும் இப்படித்தான்: பிறர் நமக்குத் தருவதற்குக் “குரெரு”, நாம் பிறருக்குக் கொடுப்பதற்கு “அகெரு”. தரும் சொல்லைத் தன்மைக்கும் முன்னிலைக்கும், கொடைச் சொல்லைப் படர்க்கைக்கும் வகுத்துவைத்த தொல்காப்பியத்தைப் படித்தவர்களுக்கு இந்த வேறுபாடு அந்நியமாகத் தோன்றாது. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே வினை என்பதால், கவனமில்லாத மொழிபெயர்ப்பு இங்கேதான் வழுக்கும்.

மூன்றாவதாக, மரியாதை வடிவம். போதலைக் குறிக்கும் “இகிமஸ்” என்ற பணிவான வடிவமும் “இகு” என்ற சாதாரண வடிவமும் ஒரே பாடத்தில் எந்தக் குறிப்பும் இல்லாமல் கலந்து வந்தால், அதை மனப்பாடம் செய்தவர் மேலாளரிடம் தோழனிடம் பேசுவதுபோல் பேசிவிடுவார். யார் யாரிடம் பேசும் வாக்கியம் இது என்ற குறிப்பு ஒவ்வொரு பகுதியிலும் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இல்லையென்றால் அதை ஒரு பெரிய குறையாகவே எடுத்துக்கொள்கிறேன். ஜப்பானிய மொழி தெரிந்த ஆசிரியரோ நண்பரோ இருந்தால், இந்த இருபது வாக்கியங்களையும் அவரிடம் காட்டி, “இதை நீங்கள் வாயால் சொல்வீர்களா?” என்று மட்டும் கேட்டால் போதும். பத்து நிமிட உதவி அது, யாரும் மறுக்கமாட்டார்கள்.

ஒலியைச் சோதித்தல்

கைப்பேசியின் ஒலிபெருக்கியை விட்டு, ஹெட்போனில் கேட்க வேண்டும். ஜப்பானியத்தில் குறிலும் நெடிலும் பொருளை மாற்றும்; ஒற்று இரட்டிப்பதும் மாற்றும். இவ்விரண்டும் தமிழ்க் காதுக்குப் பழக்கமானவை என்பது நமக்குக் கிடைத்த நல்வாய்ப்பு. ஆனால் வல்லினத்தின் வன்மை, மென்மை வேறுபாட்டில் நாம் தடுமாறுவோம். ஜப்பானியத்தில் பொன்னுக்கும் வெள்ளிக்கும் உரிய சொற்கள் இரண்டையும் தமிழில் எழுதினால் “கின்” என்றுதான் வரும். பேச்சில் முதல் மெய்யின் அதிர்வு ஒன்றே அவற்றைப் பிரிக்கிறது. இந்த வேறுபாடு காதில் தெளிவாக விழாத ஒலிப்பதிவைக் கொண்டு நாம் கற்க முடியாது. குறிப்புகளைத் தமிழ் எழுத்தில் எழுதி வைத்துக்கொள்ளவும் கூடாது. ஹிரகனா எனப்படும் 46 ஜப்பானிய அடிப்படை ஒலியெழுத்துகளை முதல் இரண்டு வாரத்திலேயே கற்றுவிட்டு அவற்றில் எழுதுவதே பாதுகாப்பு.

பேசுபவர் மனிதரா, கணினிக் குரலா என்பதையும் கவனிக்க வேண்டும். ஒரே சொல் வெவ்வேறு வாக்கியங்களில் ஏற்ற இறக்கம் சிறிதும் மாறாமல் ஒலித்தால், கேள்விக்கும் கூற்றுக்கும் தொனி வேறுபடாவிட்டால், ஐயம் கொள்ளலாம். “ஹஷி” என்ற சொல் குரல் ஏறி இறங்கும் இடத்தைப் பொறுத்துப் பாலத்தையும் உண்ணும் குச்சியையும் குறிக்கும் மொழியில், தொனி தவறிய குரலைப் பின்பற்றுவது பிழையையே பழக்கமாக்கும். ஆண் குரல் ஒன்றும் பெண் குரல் ஒன்றுமாவது இருப்பது நல்லது.

இடைவெளியின் நீளத்தைப் பலர் பார்ப்பதில்லை. விடை வருவதற்கு முன் கற்பவர் தாமே முயன்று சொல்ல நேரம் கிடைத்தால்தான் நினைவுகூரும் உழைப்பு நடக்கும். இடைவெளியே இல்லாமல் இரு மொழிகளும் தொடர்ந்து ஒலித்தால், நாம் கேட்டுத் தலையசைப்போமே தவிர, பேசக் கற்கமாட்டோம். நிறுத்தும் பொத்தானை ஒவ்வொரு வாக்கியத்துக்கும் அழுத்த வேண்டியிருக்கும் பாடத்தைப் பேருந்துப் பயணத்திலோ சமையலின்போதோ பயன்படுத்த இயலாது.

பாலமாக வரும் ஆங்கிலம்

இந்தப் பாடங்கள் பெரும்பாலும் ஆங்கிலம் வழியாகவே கிடைக்கின்றன. தமிழருக்கு இது ஏற்படுத்தும் தடை பெரிது, அதை நீக்கும் வழியோ எளிது. “வதஷி வ கினோ தோக்யோ நி இகிமஷித” என்ற ஜப்பானிய வாக்கியத்தை “நான் நேற்று தோக்கியோவுக்குப் போனேன்” என்று வரிசை மாறாமல் தமிழாக்கலாம். “கினோ தோக்யோ நி இத்த ஹிதொ” என்பதும் அப்படியே “நேற்று தோக்கியோவுக்குப் போன ஆள்” ஆகிறது. ஆங்கிலத்தில் இதே தொடர் தலைகீழாக நிற்கும். “தபெதெ மிரு” என்பதற்குச் “சாப்பிட்டுப் பார்” என்று சொன்னால் தமிழருக்கு விளக்கமே தேவையில்லை; ஈற்றில் வரும் “மிரு” என்ற துணைவினையும் நம்முடைய பார்த்தல்தான். ஆங்கில வாக்கியத்தைக் கேட்டு அதைப் பிரித்து, வரிசையைத் திருப்பி, பிறகு ஜப்பானியத்தில் சொல்வது, நேர்வழி இருக்கும்போது ஊரைச் சுற்றிக்கொண்டு போவதற்கு ஒப்பாகும்.

ஆகவே, பாடத்தில் ஜப்பானிய ஒலியைத் தனியாகவும் இயக்க முடியுமா, எழுத்துவடிவம் உடன் கிடைக்கிறதா என்று பார்க்க வேண்டும். கிடைத்தால், ஒவ்வொரு வாரமும் கற்கும் வாக்கியங்களுக்குரிய தமிழ் வாக்கியங்களை நாமே எழுதி, கைப்பேசியில் நம் குரலிலேயே பதிந்து, அவற்றைக் கேட்டு ஜப்பானியத்தில் விடை சொல்லலாம். எழுதும்போதே இரு மொழிகளின் ஒற்றுமை கண்ணில் படும். அதுவே பாதி இலக்கணம். இதற்கு இடம் தராமல் இரு மொழிகளையும் ஒரே கோப்பில் பூட்டி வைத்திருக்கும் பாடத்துக்கு நான் மதிப்பைக் குறைத்தே போடுவேன்.

ஒரு வாரச் சோதனை

இலவச முன்னோட்டக் காலமோ மாதிரிக் கோப்போ கிடைத்தால், அதை அரைகுறையாகக் கேட்டுக் கழிக்காமல் பின்வருமாறு பயன்படுத்த வேண்டும். முதல் நாள் இருபது வாக்கியங்களைத் தேர்ந்து, பாடம் சொல்லும் முறைப்படியே ஆறு நாள் பயில வேண்டும். ஏழாம் நாள் பாடத்தைத் திறக்காமல், தமிழ் வாக்கியங்களை வரிசை கலைத்துக் கேட்டு, விடைகளைப் பதிவு செய்ய வேண்டும். அடுத்ததாக, ஒவ்வொரு வாக்கியத்திலும் ஒரு கூறை மாற்ற வேண்டும்: நேற்று என்பதை நாளை என்றும், தோக்கியோ என்பதை ஒசாகா என்றும், போனேன் என்பதைப் போகவில்லை என்றும் மாற்றி, அவற்றையும் சொல்லிப் பதிய வேண்டும்.

முதற் பதிவில் பெரும்பாலான வாக்கியங்கள் தடையின்றி வந்து, மாற்றிய வாக்கியங்களிலும் பாதிக்கு மேல் வந்தால், பாடம் தன் வேலையைச் செய்கிறது. முதற் பதிவு நன்றாக இருந்தும் மாற்றியவை வாயில் வரவில்லை என்றால், நாம் வாக்கியங்களை மனப்பாடம் செய்திருக்கிறோம், அமைப்பைக் கற்கவில்லை. அப்போது வாக்கியங்கள் அமைப்புவாரியாக அடுக்கப்பட்டிருக்கின்றனவா, ஒரே அமைப்பில் சொற்களை மாற்றி மாற்றிச் சொல்ல வைக்கும் பயிற்சி இருக்கிறதா என்று மறுபடி பார்க்க வேண்டும். இல்லையென்றால் ஓர் இலக்கண நூலைத் துணையாக வைத்துக்கொள்ளத் தயாராக இருப்பவர் மட்டுமே வாங்கலாம். முதற் பதிவிலேயே பாதிக்கு மேல் வரவில்லை என்றால், அந்தப் பாடத்தின் வேகமோ நிலையோ நமக்குப் பொருந்தவில்லை. இன்னும் சில மாதம் அடிப்படை கற்ற பிறகு திரும்பி வரலாம்.

பணம் கட்டாமல் கிடைப்பவை

வாங்கும் முடிவை எடுக்குமுன் இலவசமாகக் கிடைப்பதோடு ஒப்பிட வேண்டும். ஜப்பான் ஃபவுண்டேஷன் வெளியிட்டுள்ள “இரோதோரி” பாடநூலையும் அதன் ஒலிக்கோப்புகளையும் இணையத்தில் கட்டணமின்றிப் பதிவிறக்கலாம். ஜப்பானில் வாழ்ந்து வேலை செய்வோரை மனத்தில் கொண்டு எழுதப்பட்டதால் அதன் உரையாடல்கள் கடை, பணியிடம், மருத்துவமனை என்று மெய்யான இடங்களில் நிகழ்கின்றன. என்.எச்.கே. வேர்ல்டின் எளிய ஜப்பானியப் பாடங்களும் இலவசம். தத்தோயெபா என்னும் தன்னார்வலர் வாக்கியக் களஞ்சியத்திலிருந்து வாக்கியங்களை எடுத்து, அங்கி என்ற நினைவூட்டு மென்பொருளில் இட்டு, இடைவெளி முறையை நாமே அமைத்துக்கொள்ளலாம். தத்தோயெபாவில் தாய்மொழியாளர் எழுதிய வாக்கியங்களை மட்டும் தேர்வது அவசியம். இவை அனைத்தையும் ஒருங்கிணைக்க நேரமும் பொறுமையும் வேண்டும். விலைகொடுத்து வாங்கும் பாடத்தில் நமக்குக் கிடைப்பது பெரும்பாலும் அந்த ஒருங்கிணைப்புதான். வேலை முடிந்து களைத்து வருபவருக்கு அது கொடுக்கும் விலைக்குத் தகுந்ததாகவே இருக்கலாம்; நேரம் உள்ள மாணவருக்கு அவ்வளவு தேவைப்படாது.

வாங்குவது என்று முடிவானால், ஆண்டுச் சந்தாவின் தள்ளுபடியில் மயங்காமல் ஒரு மாதத்துக்கு மட்டும் கட்டுங்கள். பணம் திரும்பத் தரும் நிபந்தனையையும் தானாகப் புதுப்பிக்கப்படும் தேதியையும் கட்டும் நாளிலேயே படித்து, புதுப்பிப்புக்கு மூன்று நாள் முன்பாக நினைவூட்டல் வைத்துக்கொள்ளுங்கள். பயின்ற நாள்களை நாள்காட்டியில் குறித்து வாருங்கள். நினைவூட்டல் ஒலிக்கும் நாளில் குறிகள் பாதி நாள்களுக்கும் குறைவாக இருந்தால், பாடம் எவ்வளவு சிறந்ததாக இருந்தாலும் சந்தாவை அன்றே நிறுத்திவிட்டு, இரோதோரியின் அடுத்த பாடத்தைத் திறந்துகொள்ளுங்கள்.